ஈயக் கூடத்து ஐந்து புள்ளிகள்

காலையில் தே தாரிக், அந்த நுரை டீ, குடிக்காமல் எனக்கு வேலை ஓடாது, மேடம். அந்தப் படம் வரைந்த அன்றைக்கும் சுங்கை வே ஒட்டுக்கடையில் ஒன்று கட்டி வாங்கிக்கொண்டுதான் போனேன். எங்களோடு வேலை செய்த பிலோமினா அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் அந்தப் படத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் தொழிற்சாலை எங்களுடையது. ரத்தத்தில் ஈயம் ஏறுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் சோதனை. பழைய கூடம், புதிய கூடம், இரண்டின் எண்களையும் அருகருகே பெட்டிகளாக வரைந்து ஒப்பிடுவது என் வேலை. பாதிப் பேர் பெட்டிக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் மேலும் கீழும் வால் மாதிரி நீளும் கோட்டில். அதையும் தாண்டினவர்கள் தனிப் புள்ளி.

நடுவில் இருப்பவரின் அளவைக் காட்டும் கோடு இரண்டு பெட்டியிலும் ஒரே உயரம். பழைய கூடத்துக்கு மேலே மட்டும், ஈயம் எக்கச்சக்கமாக ஏறின ஐந்து புள்ளி. ஐவரும் உலை ஓரத்தில் நிற்பவர்கள்.

மேனேஜர் பரமேஸ்வரன் பார்த்தார். “என்ன திமோத்தி இது, ஈ மொய்ச்ச மாதிரி? மெஷின் தப்பா இருக்கும் லா. கூடத்த மூடினா அறுபது பேருக்கு வேல போயிரும்.”

நியாயம்தானே என்று பட்டது. ஐந்தையும் அழித்தேன். ‘அளவுப் பிழை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அரை நிமிடம் போதும், மேடம்.

வருஷங்கள் ஓடி, இப்போது அக்காவின் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த கை, தூக்க முடியாமல் மணிக்கட்டிலிருந்து தொங்குகிறது. பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவி நான்.

ஆனால் அழித்த ஐந்தில் அக்கா இல்லை. அவர் அப்போது புதிய கூடத்தில் இருந்தார். ஐந்தில் ஒருத்தி என் மனைவி கிறிஸ்டின்.

பிழை என்று எழுதிக் கொடுத்த அதே நாள், அவளைப் புதிய கூடத்துக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டேன். உலை ஓரத்துக்குப் பதில் ஆள் வேண்டும் என்றார்கள். நாலைந்து பேரை யோசித்தேன். எல்லாரும் ஏன் என்று கேட்பவர்கள். அக்கா கேட்க மாட்டார். அந்தப் பெயரைச் சொன்னேன்.

நான் போய்ச் சொன்னதும், “சரி தம்பி,” என்றார் அக்கா. “கிறிஸ்டினுக்கு உடம்பு தேவலயா?”