ஒரு மகரந்தப்பை மிச்சம்

நான் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூவோடு வேலை பார்ப்பவனுக்கு அவசரம் ஆகாது. அதிலும் நிலக்கடலை மொட்டு சுண்டுவிரல் நகம்கூட இருக்காது.

நானும் என் மனைவியும் ஒரே கடலை ஆராய்ச்சி நிலையத்தில்தான் இருந்தோம். எனக்குப் பின்னால் சேர்ந்தவள், எனக்கு மேலே போய்விட்டாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கைராசி என்று எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். எங்கள் இயக்குநருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தோம், எதற்கும் தலையாட்டுவார். பார்வையாளர்கள் வந்தால் என்னைக் காட்டி, "இவரு நம்ம மேடத்தோட வீட்டுக்காரர்" என்பார். எனக்கு வயிறு எரியும். சிரித்துக்கொள்வேன்.

காட்டுக்கடலை என்று ஒன்று உண்டு. காய் ஒன்றுக்கும் உதவாது, ஆனால் இலைப்புள்ளி நோய் அதன் பக்கமே போகாது. அந்தக் குணத்தை நம் கடலைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவளுக்கு மூச்சு. அதற்கு இரண்டையும் கலக்க வேண்டும். கடலைப் பூவோ தன் மகரந்தத்திலேயே தான் கருத்தரித்துவிடும். ஆகவே முந்தின சாயங்காலமே மொட்டைப் பிரித்து, மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை காட்டுச்செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். சாயங்கால வேலை எனக்கு, காலை வேலை அவளுக்கு. வீட்டில் பாத்திரம் கழுவுவதையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தோம்.

நான் ஒவ்வொரு மொட்டிலும் ஒரு மகரந்தப்பையை விட்டுவைத்தேன்.

ஒன்று போதும். மிச்சத்தைப் பூவே பார்த்துக்கொள்ளும். அவள் காலையில் இடுப்பொடியக் குனிந்து தடவியதெல்லாம் வீண். விதைத்தால் தாயைப் போலவே செடி, அதே புள்ளி. பருவத்துக்குப் பருவம் இதே கதை. அவள் உடைந்துபோய் உட்காரும்போதெல்லாம் நான்தான் தேற்றினேன். நாங்கள் அந்நியோன்யமாக இருந்த காலம் அது. நீங்கள் கல்யாணம் ஆனவர் என்றால் புரியும்.

ஒரு பருவத்தில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். சாயங்கால வேலையையும் அவளே பார்த்தாள். ஒரு பூவில் கலப்புப் பிடித்துவிட்டது. அப்படி வரும் செடி மலடாகத்தான் இருக்கும். குருத்தில் மருந்து வைத்து அதையும் காய்க்க வைத்தாள். சுற்றியிருந்த செடியெல்லாம் புள்ளி விழுந்து இலை கொட்டி நிற்க, அது மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

அவளுக்குச் சந்தேகம் வர வேண்டும் அல்லவா? வந்தது. என் கண்மேல்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குப் பார்வை மங்கியிருக்கு போல. அதான் எடுக்கும்போது ஒண்ணு ரெண்டு விட்டுப்போகுது. கட்டின பொண்டாட்டி நான், இதைக்கூட கவனிக்காம இருந்திருக்கேன்."

கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் காட்டிய எழுத்துகளை நான் தப்பும் தவறுமாகப் படித்தேன். இதோ, இந்தக் கண்ணாடி அப்போது வாங்கியதுதான். இதைப் போட்டால்தான் எனக்கு மங்கலாகத் தெரிகிறது.

"இனிமே பூ வேலையை நானே பார்த்துக்கறேன். நீங்க விதைக்கு மருந்து புரட்டிக் குடுத்தா போதும்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பாவப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பூஞ்சை வராமலிருக்க, விதைக்கும் முன் விதையை இளஞ்சிவப்புத் தூளில் புரட்டுவோம். புரட்டிய பிறகு எந்த விதை எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அந்தச் செடியின் விதை மொத்தமும் ஒரு கைப்பிடிக்குக் காணாது. "பத்திரங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாதாரணக் கடலையில் சின்னதாகப் பொறுக்கி, மருந்து புரட்டி அவளிடம் கொடுத்தேன்.

முளைத்தது. புள்ளியும் விழுந்தது. பழைய செடியைக் காய் பறிக்கும்போதே பிடுங்கியாகிவிட்டது, எங்கள் இருவரைத் தவிர அதை யாரும் பார்த்ததில்லை. இல்லாத செடியை இருந்ததாகக் கதை கட்டினாள் என்று அவளை வேலையை விட்டு நீக்கினார்கள்.

"பச்சையா ஒரு செடி இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நீங்க பாத்தீங்களா?" என்று ஆமாஞ்சாமி என்னைக் கேட்டார்.

"எனக்குக் கண்ணு சரியில்லை சார்" என்றேன். அவர் தலையாட்டினார்.

இப்போதும் திடீரென்று என்னிடம் கேட்பாள்: "ஏங்க, அது நெஜமாவே பச்சையாத்தான் இருந்துச்சா? இல்ல, ஆசையில நானா நெனைச்சுக்கிட்டேனா?"

"அதையே போட்டுக் குழப்பிக்காதம்மா" என்பேன்.

அவள் அப்போது அந்தச் செடியிலிருந்து கிள்ளி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய இலை கலப்புச் செடியுடையதுதான் என்று இப்போது முடிவு வந்திருப்பதாக, விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். சந்தோஷம். அவள் கெட்டிக்காரி என்று எனக்கு என்றுமே தெரியும்.

விதையை என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். அன்று சாயங்காலமே கடைக் கடலையோடு சேர்த்து வறுத்தேன். தோல் நீக்கி, உப்புப் போட்டு, சூட்டோடு அவள் முன்னால் வைத்தேன். "நடுநடுவுல சின்னதா ஒண்ணு வருது, என்னமா இனிக்குது. எங்க வாங்கினீங்க?" என்றாள். ஒன்று விடாமல் தின்றாள். எனக்கும் நீட்டினாள், நான் வாங்கவில்லை. அது முழுக்க அவள் உழைப்பு. அடுத்தவர் உழைப்பில் கைவைக்கும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.