சத்தம் கூட்டி வைத்த கரடிப் படம்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், அக்கா, அக்காவின் கணவர். அந்தப் பழைய டி.வி.யையும் சேர்த்துக்கொள்ளலாம், சார். பிக்சர் டியூப் டி.வி. போட்டதும் சத்தம் வந்துவிடும். படம் ஆற அமரத்தான் வரும்.

சின்ன வயதில் நாங்கள் அதில் பார்த்தது ரயில் ஓட்டும் கரடியின் கார்ட்டூன். கேசட் தேய்ந்து இப்போது கரடி பச்சையாகிவிட்டது. இருந்தாலும் வேலை முடிந்து வந்தால் அதைத்தான் போடுவேன். அது ஓடும்வரை எனக்கு ஏழு வயது.

அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் அக்கா என்னை அந்த அறையில் உட்காரவைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, வெளியே போய்க் கதவைப் பூட்டிவிடுவாள். "ஒண்ணும் இல்லடா, நீ கரடியைப் பாரு." சமையலறையில் நடந்தது எதுவும் என் காதில் விழுந்ததில்லை. ஒருநாள் அவள் கதவைத் திறந்தபோது அம்மா உயிரோடு இல்லை. என்னை அக்காவைப்போல் யாரும் காப்பாற்றியதில்லை.

மாமா நல்லவர். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் வேலை கிடைத்து, அக்காவையும் அழைத்துப் போகிறார். சொல்லிக்கொள்ள வந்திருந்தார்கள்.

"என்ன மாப்ள, இது டி.வி.யா, மீன் தொட்டியா? காயலான் கடைக்காரனே கும்பிடு போட்டுட்டுப் போயிடுவான்."

"அவன் சொத்தே அதாங்க, விடுங்க."

நானும் சிரித்தேன். "எப்பக்கா திரும்பி வருவே?" என்று கேட்டேன். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். அதற்கு ஒரு பதில் வந்திருந்தால், காலையிலேயே கதவுக்குப் பின்னால் வைத்த சுத்தியல் அங்கேயே இருந்திருக்கும்.

மாமா டீ போடப் போனார். நான் கேசட்டைப் போட்டேன். படம் தெளிவதற்குள் அக்கா தன் பழைய இடத்தில் கால் மடித்து உட்கார்ந்துவிட்டாள். சத்தத்தைக் கூட்டினேன். வெளியே வந்து பூட்டினேன்.

மாமா மூன்று டம்ளர் எடுத்து வைத்திருந்தார். எனக்கு முதுகு காட்டி நின்றார். அவர் அதிகம் சிரமப்படவில்லை. பிறகு அடுப்பை அணைத்தேன். கையைக் கழுவினேன். சட்டையை மறந்துவிட்டேன்.

கதவைத் திறந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கரடி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டா பூட்டினே? சட்டையில என்னடா? மாமா எங்க?"

"ஒண்ணும் இல்லக்கா, நீ கரடியைப் பாரு."

அப்பாவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். ஏன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை, சார். அவளை உள்ளே உட்காரவைத்தேன். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.