பதினோரு பேரும் ஒரு பிரேக் ஒயரும்

எங்கள் பல்லையும் எங்கள் பயணத்தையும் ஒருசேரப் பழுது பார்த்துவரும் சைக்கிள் கழகத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! நாளை மலையேறப் போவது நாங்கள் என்றாலும், இன்றே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த லிஃப்ட் மெக்கானிக்கின் அன்பு வணக்கம்.

நாளைக் காலை பதினோரு பேர் சைக்கிளில் புறப்படுகிறோம். மூன்று நாள் பயணம். நாற்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். முகடு தாண்டி மறுபக்கம்! நம் ஊரோ தட்டையான ஊர். பழகுவதற்கு மேடு எங்கே இருக்கிறது? மருத்துவமனையின் ஐந்து மாடி வண்டி நிறுத்தத்தில் இருக்கிறது! ஆறு மாதம், ஞாயிறுதோறும், அந்தச் சரிவில் ஏறினோம், இறங்கினோம், மீண்டும் ஏறினோம். ஒருநாள் காவலாளி என் அக்காவை மறித்துக் கேட்டார்: "ஏம்மா, வண்டிய எங்க விட்டோம்னு மறந்துட்டீங்களா? முப்பது தடவ மேல போய்ட்டு வந்துட்டீங்க!"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நாங்களும் சிரித்தோம். சிரித்த வாய் மூடுவதற்குள் அது நடந்தது.

அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இருபது ஆண்டுகளில் அவர் பேருந்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவர் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்குகையில், பின் பிரேக் ஒயர் பட்டென்று அறுந்தது. முன் பிரேக்கோ ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சுவரை உரசியபடியே வந்து விழுந்தார். முழங்கையில் ஏழு தையல். மருத்துவமனை என்பதால் அதற்குத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை!

ஓடிப்போய்த் தூக்கினேன். "ரொம்ப வலிக்குதாக்கா?"

"வலி கெடக்கட்டும்டா. இது மலையில அறுந்திருந்தா?"

"மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் அவர் கணவர், என் மாமா. அக்கா வாதாடவில்லை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தார். சைக்கிளைக் கழற்றிப் போட்டார். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தத் திருகு எதைப் பிடிக்கிறது என்று ஒரு வாரம் கற்றார். பிறகு எங்களை வரிசையாக நிறுத்திச் சட்டம் போட்டார்: "பத்து நிமிஷத்துல பிரேக் ஒயர் மாத்தத் தெரியாதவங்க வரவேணாம். தம்பியா இருந்தாலும் சரி."

முதல் சோதனையிலேயே தோற்றவன் யார்? ஆமாம் ஐயா, அந்த மூலையிலிருந்து சரியாகச் சொன்னீர்கள், நானேதான்! பத்து மாடி லிஃப்டைப் பழுது பார்க்கும் கை பதினேழு நிமிடம் தடுமாறியது. "நம்ம தொழில்தானேன்னு பழகாம வந்துட்ட" என்று பட்டியலில் இருந்த என் பெயரை அக்கா அடித்துவிட்டார். கோபம் வந்ததா? வந்தது. வெட்கம் வந்ததா? அதைவிட அதிகமாக வந்தது! மூன்று வாரம் தினமும் பழகினேன். சென்ற வெள்ளிக்கிழமை எட்டே நிமிடம். கடிகாரம் பிடித்தவர் யார் தெரியுமா? மாமா! அக்கா பேனாவை எடுத்து என் பெயரை மறுபடி எழுதினார்.

மலை எங்களுக்காகக் குனியுமா? குனியாது! மழை எங்களுக்காக நிற்குமா? நிற்காது! எவர் சக்கரம் நின்றாலும் இருபத்திரண்டு கைகள் அதைச் சுற்ற வைக்கும்! முன்னால் அக்கா போகிறார். கடைசியில் நான் வருகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒருவரும் தனித்து விடப்பட மாட்டார்!

கேட்ட செவிகளுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி. போய் வருகிறோம், வணக்கம்!