நீச்சல் குளத்துப் பெஞ்சு குறித்து துரைசாமி சொன்னது

பெயர் துரைசாமி, தகப்பனார் பெயர் சங்கரன், வயது அறுபத்து மூன்று. புனே வானவடியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காம் மாடியில் வசிக்கிறேன். வெடிமருந்துத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இந்தி பேச வரும், கோர்வையாகச் சொல்ல வராது. ஆகையால் நான் தமிழில் சொல்ல, இந்தப் போலீஸ் நிலையத்தில் தமிழ் அறிந்த ஹவல்தார் கிருஷ்ணஸ்வாமி எழுதிக்கொண்டார்.

என் மனைவி லீலாவுக்கு முட்டி தேய்ந்துபோனதால் தண்ணீருக்குள் நடக்கும்படி டாக்டர் சொன்னார். எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தருகே உட்கார இடம் கிடையாது. ஏறி வந்ததும் ஈரத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குடியிருப்போர் சங்கமான சொசைட்டியில் பெஞ்சு கேட்டதற்கு அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. அதன் பிறகு நானே போனில் வீடியோ பார்த்து, ஹடப்சர் மரக்கடையில் பலகைகள் வாங்கி, இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, பலகைகளை ஆணியடித்துச் சேர்த்து மேலே வைத்தேன். செயலாளர் சுனில் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று போட்டோகூட எடுத்தார். ஒரு மூலை மட்டும் ஆடியது. "ஆபீஸ்ல மேஜை ஆடினா காகிதம் மடிச்சு வைப்பீங்க, இதுக்கும் அதே வைத்தியம்தானா" என்றாள் லீலா. அதே வைத்தியம்தான். அடியில் மடித்து வைத்த அட்டை ஈரத்தில் ஊறிவிடும், மறுபடி மடித்து வைப்பேன். அவள் வேண்டுமென்றே ஆடும் பக்கத்தில்தான் உட்காருவாள்.

அதன் பிறகு சென்ற மாதம் லீலா தூக்கத்திலேயே இறந்துபோனாள். வீட்டில் குளிப்பாட்ட இடமில்லாமல் கீழே பார்க்கிங்கில் ஏற்பாடு செய்தோம். கிடத்த நீளமாக வேறொன்றும் அகப்படாததால் பெஞ்சின் பலகையை எடுத்துவரச் சொன்னவன் நான்தான். பெண்கள் புடவைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு குளிப்பாட்டினார்கள். அப்படிப்பட்ட பலகையைத் திரும்பப் புழங்குவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் காரியம் முடிந்து வந்து பார்த்தபோது அது தூணில் சாய்ந்து நின்றது. தூக்கிப்போட மனசு வரவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, குளத்தருகே பழையபடி கற்கள்மேல் வைத்தேன். காலையில் போய் ஆடாத பக்கத்தில் உட்காருவேன்.

அதன் பிறகு குளத்துக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. சுனில் வீட்டுக்கு வந்து, பெஞ்சைப் பால்கனிக்குக் கொண்டுபோகும்படி மரியாதையாகவே சொன்னார். பால்கனியில் அதற்கு நீளம் போதாது. பார்க்கிறேன் என்றேன், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு எதையும் செய்யத் தெம்பில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சுனில் தோட்டக்காரரைக் கூட்டிவந்து அவரிடம் பலகையை எடுக்கச் சொன்னார். நான் அதில் உட்கார்ந்திருந்தேன். "அங்கிள், எழுந்திருங்க. பொணம் கெடந்த பலகை இது" என்று இந்தியில் சொன்னார். எனக்குக் கோபம் வந்ததென்று சொல்ல முடியாது. அவளுக்கு அதுதான் இனிப் பெயரா என்று அலுப்பாக இருந்தது. எழுந்து இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். அவர் குளத்தில் விழுந்தார்.

செயலாளருக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உடனே உடுப்போடு இறங்கினேன். லீலாவின் கையைப் பிடித்து நடந்த குளம், எனக்குத் தரை தெரியும். அவரைப் பிடித்து மேலே ஏற்றி, பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் இருமிக்கொண்டு வெகுநேரம் அதில் உட்கார்ந்திருந்தார். கூடி நின்றவர்களில் ஒருவரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவருக்கு முழங்கையில் அடிபட்டது உண்மை. அவர் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் புகாருக்காகப் போலீசார் கைப்பற்றிய பெஞ்சைக் கற்களோடு கொண்டுவந்து இந்நிலைய வராந்தாவில் போட்டிருக்கிறார்கள். வழக்கு முடிந்ததும் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன். காத்திருந்தபோது, கைக்குழந்தையோடு புகார் கொடுக்க வந்த ஓர் அம்மா ஆடும் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். ஆகையால் இப்போது கேட்கவில்லை. இங்கேயே இருக்கட்டும். அந்த மூலைக்கு அட்டை மடித்து வைக்க மட்டும் எனக்கு அனுமதி தரவேண்டும்.

ஹவல்தார் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதோ குறைத்ததோ இல்லை.

(ஒப்பம்) துரைசாமி