ஊரப்பாக்கத்து முகவரி

என் உயரம் நான்கடி எட்டு அங்குலம். இதைக் குறையாக நான் ஒருபோதும் கருதியதில்லை. ஆலயத்தில் மட்டும் ஒரு சிறு இடையூறு இருந்தது. முன்வரிசை அம்மையார்களின் கொண்டைகளுக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியாது. நமது போதகர் அசரியா ஐயா மீசையை எடுத்துவிட்டார் என்பதை மூன்று வாரங்கள் கழித்துப் பிறர் சொல்லியே அறிந்தேன்.

நடந்தவற்றை ஒளிவுமறைவின்றி எழுதித் தருமாறு சபைக் கமிட்டியார் கேட்டுள்ளீர்கள். எழுதுகிறேன். முப்பத்தோராம் வயதில் எழுத்தறிந்தவள் நான். நான் அட்டெண்டராகப் பணிபுரியும் தாம்பரத்துப் பள்ளியின் ஆசிரியை யூனிஸ், சனிக்கிழமைதோறும் ஆலயக் கூடத்தில் நடத்திய முதியோர் வகுப்பில் பயின்றேன். எட்டாம் வகுப்புத் தேர்வில் தேறிய நாளில் அவர் எனக்கு ஒரு மைப்பேனா பரிசளித்தார். இவ்வாக்குமூலத்தையும் அதைக் கொண்டே எழுதுகிறேன். ஏனைய கடிதங்களையும் அதைக் கொண்டே எழுதினேன்.

நேர்த்தியாக உடுத்துவதற்குச் செல்வம் தேவையில்லை, கவனமே தேவை. இரண்டு பழைய வாயில் சேலைகளின் கிழியாத பாதிகளை இணைத்து, தையல் கொசுவத்துக்குள் மறையும்படி கட்டினால் அது புதுச்சேலையே. ரவிக்கைகளைக் கட்பீஸ் துணியில் நானே தைத்துக்கொள்வேன். ஆனால் உயர்ந்த குதியுள்ள காலணியைத் தைக்க இயலாது. அதற்குக் காத்திருக்க வேண்டும். நான் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தேன்.

1969ஆம் ஆண்டு, ரயில்வே காலனியிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையார் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவரது பிரிவு விருந்துக்கு நான் வளர்த்த இரண்டு கோழிகளை அளித்து, அவருடைய வெள்ளைக் காலணிகளைப் பெற்றேன். மூன்றரை அங்குலக் குதி. அந்த ஞாயிறன்று முதன்முறையாகப் பீடத்தைக் கண்டேன். பீடத்தின் மேல் இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகள் இருக்கின்றன. பதினோரு ஆண்டுகளாக ஒன்று என்றே எண்ணியிருந்தேன்.

இன்பம் நீடிக்கவில்லை. நம் சபையில் மணப்பெண் வெள்ளைச் சேலை, வெள்ளை முக்காடு, வெள்ளைக் காலணியுடன் வருவது வழக்கம். சபைப் பெண்ணான பேபியின் திருமணத்துக்குப் போதகரின் துணைவியார் என் காலணியைக் கேட்டார்.

"ஒரு நாளைக்குத்தானே ரத்தினபாய், கால்ல போட்டுட்டுக் கழட்டிரப் போறா" என்றார்.

கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவை திரும்பி வந்தன, இரண்டு சுமைதூக்கிகள் ஏறி இறங்கியதுபோல் அகன்று. இடது குதியின் ரப்பர் தேய்ந்திருந்தது. அவ்வளவு உயரமான குதிக்கு ரப்பர் போடத் தெரிந்தவர் இப்பகுதியில் ஒருவரே: ஊரப்பாக்கத்தில் வசிக்கும் துளசிங்கம். முன்னர்க் குரோம்பேட்டையில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்கு ரயிலேறிச் சென்று சரிசெய்து வந்தேன்.

அடுத்து, அமலராணியின் திருமண ஓலை ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறுகள் வாசிப்பதும், தடை ஏதேனும் அறிந்தோர் தெரிவிக்கலாம் என்று போதகர் அழைப்பதும் தாங்கள் அறிந்ததே. எனக்கு ஒரு தடை தெரிந்திருந்தது. அமலராணியின் பாதம் பேபியின் பாதத்தைவிட அகலம். இதைச் சபை ஒரு தடையாக ஏற்குமா என்ற ஐயம் எழுந்ததால், மணமகனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதாக எழுதினேன்.

அதனை மொட்டைக் கடிதம் என்று கமிட்டியார் குறிப்பிடுவது பொருத்தமன்று. இடம், நாள், விளி, செய்தி, முடிவு ஆகிய அனைத்தும் அதில் முறைப்படி அமைந்திருந்தன. பெயர் ஒன்றே இல்லை. குறிப்பிடப்படும் நபரின் முகவரி முழுமையாக இருத்தல் வேண்டும் என்பது பாடம். ஆகவே அந்த மனைவி ஊரப்பாக்கத்தில் வசிப்பதாகக் குறித்து, கதவு எண்ணையும் தெருவையும் தந்தேன். ஊரப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றே.

போதகர் சைக்கிளில் சென்று விசாரித்துத் திரும்புவதற்குள் தபசுகாலம் தொடங்கிவிட்டது. அந்நாட்களில் மணம் முடிப்பதில்லை ஆதலால், திருமணம் ஈஸ்டருக்குப் பின் நடந்தது. இடையில் அமலராணிக்கு வேப்பேரியிலிருந்து வேறு காலணி கிடைத்தது. இதனால் யாருக்கும் தீங்கில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அடுத்த ஓலை யூனிஸ் டீச்சருடையது. அவருக்கு வயது முப்பத்து நான்கு. அஸ்தினாபுரத்துத் தனசிங் என்பவரை அவருடைய குடும்பத்தார் நெடுநாள் தேடிக் கண்டுபிடித்திருந்தனர். டீச்சரின் பாதம் எட்டாம் நம்பர். முதல் ஓலை வாசித்த மாலையே போதகரின் துணைவியார் என் வீட்டுக்கு வந்து, "நம்ம டீச்சருக்குத் தராம யாருக்குத் தரப் போற" என்றார். அது நியாயமான கேள்வி. அன்றிரவே மைப்பேனாவை எடுத்தேன்.

இம்முறை மனைவியுடன் இரண்டு குழந்தைகளையும் சேர்த்தேன். முதற்கடிதத்தைவிட நடை செறிவாக இருந்தது. போதகர் மறுபடியும் ஊரப்பாக்கம் சென்று, அப்படி எவரும் இல்லையென்று கண்டு வந்தார். எனினும் தனசிங்கின் வீட்டார், பெட்டிஷன் போன சம்பந்தம் வேண்டாம் என்று விலகி, ஆறு வாரத்தில் வேறிடத்தில் முடித்துக்கொண்டனர். டீச்சர் ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். அவ்வாரமும் முதியோர் வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. நானும் தவறாமல் சென்றேன்.

இனி மூன்றாவது கடிதம்.

சென்ற ஆண்டு, ரயில்வே சரக்கு ஆபீஸில் எழுத்தராக உள்ள தேவானந்தம் என்னைப் பெண் கேட்டார். மனைவியை இழந்தவர், மென்மையானவர். என் காலணியைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்குங்க" என்று கூறிய ஒரே ஆண்மகன். நான் மகிழ்ச்சியுடன் இசைந்தேன். ஆனால் அவர் உயரம் நான்கடி பத்தங்குலம். அவருடைய தமக்கை அருள்மேரி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போட்டோல என் தம்பி உன்ன விடக் குள்ளமா நின்னுகினு இருந்தா நாலு பேர் சிரிக்க மாட்டாங்க? தட்ட செருப்பா ஒண்ணு மாட்டிக்கம்மா. ஒரு நாளைக்குத்தானே" என்றார்.

ஒரு நாளைக்குத்தானே என்பதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

முதல் ஓலை வாசிக்கப்பட்டது. மறுநாள் போதகருக்கு ஒரு கடிதம் சென்றது. ரத்தினபாய் என்னும் பெண்ணுக்கு ஏற்கெனவே கணவர் உண்டென்றும், அவர் ஊரப்பாக்கத்தில் வசிக்கிறார் என்றும் அதில் கண்டிருந்தது. என்னைப்பற்றி நானே எழுதுவதால் கடுஞ்சொற்களைத் தவிர்த்தேன். 'ஒழுக்கமும் நேர்த்தியும் வாய்ந்தவராயினும்' என்று ஒரு தொடரைச் சேர்த்தேன்.

போதகர் மூன்றாம் முறையாகத் துளசிங்கத்தின் கதவைத் தட்டினார். அங்கு நிகழ்ந்த உரையாடலைப் போதகரே என்னிடம் கூறினார்.

"இன்னா சாமி, ரெண்டு வாட்டி பொண்டாட்டியக் கேட்டுகினு வந்தே, இப்ப புருசனக் கேக்கறே. இந்த வூட்ல நானும் ஒரு ஆடும்தான் கீறோம். எது வேணுமோ இட்டுகினு போ."

"இந்த விலாசம் எங்க சபையில யாருக்குப்பா தெரியும்?"

"யாருக்குத் தெரியும்? வெள்ள செருப்புக்கு ரப்பர் போட ஒரு குள்ளமான அம்மா வரும். அத்த வுட்டா இங்க யார் வரா?"

இவ்வாறாக உண்மை வெளிப்பட்டது. தேவானந்தம் ஒருமுறை என்னைப் பார்க்க வந்தார். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஒரு பலகை மேல நின்னிருப்பேனே" என்றார். ஆடவர் பலகைமேல் நிற்பது அழகன்று என்று விளக்கினேன். அவர் பிறகு வரவில்லை.

யூனிஸ் டீச்சரும் வந்தார். தம் திருமணத்தை நிறுத்திய கடிதத்தைப் போதகரிடமிருந்து வாங்கி வந்து இருமுறை படித்தார்.

"ரத்தினாக்கா, அந்தச் செருப்பு என் கட்டை விரலுக்கே பத்தாது. நான் கேக்கவே இல்லையே. எனக்கு அப்பவே டவுன்ல வாங்கியாச்சு" என்றார். பின்னர், "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். என் ஆசிரியையின் அந்தப் பாராட்டை நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ஆகவே, மூன்று கடிதங்களையும் எழுதியவள் நானே என்று ஒப்புக்கொள்கிறேன். அவற்றை ஒரு ஜோடிக் காலணியின் மேலுள்ள பற்றினால் எழுதினேன் என்று சபையில் பேசப்படுவது உண்மைக்குப் புறம்பானது. பொருட்பற்று என்னிடம் இல்லை.

வரும் ஞாயிறன்று பீடத்தின் முன் முழந்தாளிட்டு, யூனிஸ் டீச்சரிடமும் சபையாரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற தீர்ப்புக்கு மனப்பூர்வமாகக் கட்டுப்படுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். முழந்தாளிடும்போது காலணியின் குதிகள் பின்னாலிருக்கும் சபையார் அனைவருக்கும் நன்கு தெரியும். வலது காலணி, குதிக்கு ரப்பர் போடுவதற்காகத் துளசிங்கத்திடம் இருக்கிறது. ஆகையால் அதற்கு அடுத்த ஞாயிறுவரை தவணை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.