பால்கனியைத் தாங்கும் உத்தரம்

எங்கள் நாடக மன்றத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வெளியூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள். எங்கள் தபால்காரர் ராஜா வேஷம் கட்டுவார், மருந்துக்கடைக்காரர் வில்லன். நான் தச்சன். பகலெல்லாம் பிழைப்பு, சாயங்காலமானால் கொட்டகை.

கொட்டகை என்பது வாய்ப்பழக்கம்தான். அது முதலில் தானியக் கிடங்கு. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் பத்துப் பேர் அதைக் கூட்டிப் பெருக்கியபோது எலிகள்தான் எங்களுக்கு முதல் ரசிகர்கள். மேடை நான் போட்டது. ஐந்தாம் வருடம் கூட்டம் தாங்காமல் பால்கனி கட்டினோம். அதன் உத்தரத்தை நானே இழைத்து நானே ஏற்றினேன். மரம் இன்னும் பச்சை, ஒரு வருடம் காயட்டும் என்று மரக்கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். எனக்குப் பொறுமை இல்லை. நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

என் தங்கையின் கணவர் நகராட்சியில் ஓவர்சியர். தங்கமான மனிதர், நல்ல நடிகரும்கூட. போன வருடம் ஒரு நாடகத்தில் அவருக்குக் கிணற்றில் விழும் காட்சி. மேடைப் பலகையில் ஒரு திறப்பு, கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பழைய கிடங்குப் பள்ளம், கல் தரை. நடிகர்கள் மேடையின் அந்தப் பக்கம் போவதற்கும் அதுதான் வழி. அதனால் மெத்தைகளை ஓரமாக வைத்திருந்து, காட்சிக்குச் சற்று முன்புதான் திறப்புக்கு நேராக அடுக்குவோம். அடுக்கிவிட்டு, கீழேயிருந்து கழியால் பலகையில் இரண்டு தட்டு. அது கேட்ட பிறகுதான் நடிகர் பின்னோக்கி அடி வைப்பார். முகம் ஜனங்களைப் பார்த்திருக்கும், குனிந்து பார்க்க முடியாது. அடுக்குவதும் தட்டுவதும் ஆரம்பத்திலிருந்து என் ஒருவன் வேலை.

நாடகத்தன்று மத்தியானம் அவர் என்னைப் பால்கனிக்கு அடியில் ஏணி போட்டு ஏறச் சொன்னார்.

"மச்சான், விரலை விட்டுப் பாருங்க. முழுசாப் போகுது."

"மரம்னா விரிசல் விடத்தானே செய்யும், மாப்பிள்ளை."

"இது அந்த விரிசல் இல்ல. இன்னைக்கு மேல ஆளே ஏத்தாதீங்க. காலையில எழுதிக் குடுத்துடுறேன், பூட்டித்தான் ஆகணும். உங்க பேரு கெடாம நான் பாத்துக்குறேன்."

வேறு யாரிடமும் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார். பூட்டினால் பிறகு இடிப்பார்கள். இடித்தால் நான் யார், ஐயா? நாற்காலிக்குக் கால் ஒட்டுகிற ஒரு கிழவன். அன்று சோறு இறங்கவில்லை. அவ்வளவு பயம்.

சாயங்காலம் பள்ளத்தில் நின்றேன். மெத்தைகள் சுவரோரம் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. அவருடைய வசனம் முடிந்தது. இரண்டு தட்டு தட்டினேன்.

மேலே கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அவர் உடனே போய்விடவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

"மச்சான்... மெத்தை..."

"சத்தம் போடாதீங்க மாப்பிள்ளை. மேல வசனம் போயிட்டிருக்கு."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நடிகர் அல்லவா, சொன்னால் புரிந்துகொள்வார். டாக்டர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். இடைவேளைக்கு இருபது நிமிடம் இருந்தது. அதுவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடைவேளை வந்தபோது டாக்டருக்கு வேலை இல்லை. மெத்தைகளைப் பாதி தூரம் இழுத்துப் போட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். மெத்தை தள்ளிப்போய்விட்டது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள்.

"கடைசியா ஏதாவது சொன்னாராண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. தூங்குற மாதிரி போயிட்டார்."

அந்த வாரமே மரத்தூளும் பசையும் குழைத்து விரிசலை அடைத்துச் சாயம் பூசினேன். நானே தேடினாலும் இடம் தெரியாது, அப்படி ஒரு வேலை.

இன்றைக்கு வருடம் திரும்பியிருக்கிறது. அவர் நினைவாக நாடகம் போடுகிறார்கள். பால்கனியின் முதல் வரிசையைத் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். காலையில் நாற்காலிகளைத் துடைக்கப் போனேன். பால்கனிக்கு நேர் கீழே இருந்த நாற்காலிகளில் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. ஏணி போட்டு ஏறினேன். விரிசலுக்குள் இப்போது என் கையே போகிறது. இறங்கி, தூளைத் துடைத்துவிட்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நீங்கள் வர நேரமாகும் என்றார்கள், வெளியே பெஞ்சில் பகலெல்லாம் காத்திருந்தேன்.

மணி ஆறரை ஆகிவிட்டதா? அப்படியானால் திரை தூக்கியிருப்பார்கள். பால்கனியில் இருநூறு பேராவது இருப்பார்கள்.

எழுந்திருக்காதீர்கள், ஐயா, உட்காருங்கள். பாதியில் நிறுத்தினால் ஜனங்கள் பயந்துபோவார்கள். நான் கட்டிய அந்தப் பால்கனியால் இன்றுவரை ஓர் உயிருக்கும் சேதம் வந்ததில்லை.