கழுவிய கோழி

— ...அப்புறம் அந்த மழை நம்ம அடுப்படிக்குள்ளயே பெய்ய ஆரம்பிச்சுது, மிர்சினி. கூரை அப்படியே இருக்கு. மழை மட்டும் உள்ள.

— ஆகஸ்ட் மத்தியான வெயில்ல மழைக் கனவா? நானே நல்லாக் கண்ணசந்திருந்தேன்யா. தள்ளிப் படு, ஸ்த்ராத்தி. இந்தக் கட்டில்ல எனக்கும் பாதி உண்டு.

— யாரும் நனையல. சொட்டுச் சொட்டா எல்லாத்து மேலயும் மெதுவா விழுது. ஒரே வெளிச்சம். நடுவுல நம்ம பொண்ணு ரல்லூ, சின்னப் பிள்ளையா, வாயத் திறந்துக்கிட்டு நிக்கிறா.

— மழையுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. படுக்க வர்றதுக்கு முன்னாடி குழாயத் தொறந்து கோழி கழுவினேன். அந்தச் சத்தம் உன் கனவுக்குள்ள வந்திருக்கும். தூங்கு.

— கோழியக் கழுவினியா?

— கழுவாம? தோட்டத்து எலுமிச்சம்பழத்த அறுத்து, தேய் தேய்னு தேச்சு, உள்ளயும் வெளியயும் தண்ணிய நல்லா விட்டு. சாயங்காலக் கப்பல்ல பொண்ணு வர்றாள்ல. சூப்பு வைக்க வேணாமா?

— அடிப்பாவி! அவளுக்கு வைத்தியம் பாக்குற ஏதென்ஸ் டாக்டரம்மா அவ்வளவு தூரம் சொன்னாங்களே. பச்சைக் கோழியில சால்மொனெல்லாக் கிருமி இருக்கும், கழுவாதீங்க, அப்படியே பானையில போட்டு நல்லா வேகவிடுங்கன்னு.

— அந்தம்மா என்னைக்கு அடுப்புகிட்ட நின்னுச்சு? எங்கம்மா கழுவினா. உங்கம்மாவும் கழுவினா. எந்தக் கிருமிய்யா எலுமிச்சம் புளிப்பத் தாங்கும்?

— தாங்குமாம். கோழி வெந்துடும், அதப் பத்திக் கவலையில்ல. தெறிச்ச தண்ணி எங்கெங்க விழுந்துச்சோ! நமக்குன்னா ரெண்டு நாள் வயித்தால போகும், எந்திரிச்சுடுவோம். அவளுக்கு? புத்து நோய்க்கு மருந்து ஏத்தி ஏத்தி, உடம்புல எதிர்த்து நிக்கவே தெம்பில்ல. சின்னக் கிருமி போதும், அள்ளிட்டுப் போயிடும்னாங்க.

— அப்படிச் சொல்லாதய்யா. எனக்கு வேற என்ன தெரியும்? ஊசி போடத் தெரியுமா, மருந்து ஏத்தத் தெரியுமா? கழுவத்தான் தெரியும். அழுக்கோட எதையும் என் பிள்ளைக்குக் குடுக்க என் கை வரலய்யா.

— அழாத. யோசிச்சுச் சொல்லு. தொட்டிப் பக்கத்துல என்ன வச்சிருந்த?

— தக்காளி. சாலட்டுக்கு நறுக்கினது. மூடி வைக்கல... மாதாவே!

— பரவால்ல. அதக் குப்பையில கொட்டிருவோம். தொட்டி, பலகை, கத்தி எல்லாத்தையும் சோப்புப் போட்டுத் தேச்சிருவோம். கப்பல் வர நேரமிருக்கு.

— கொட்டிருவோம்யா. கைய இன்னொரு தடவ கழுவிக்கிறேன். நல்ல வேளை, நீ கனவு கண்டு எழுப்பின. எந்திரி, எந்திரி.

— இரு. கதவுகிட்ட யாரு?

— நான்தாம்பா, ரல்லூ! மத்தியானக் கப்பல்லயே வந்துட்டேன். ரெண்டு பேரும் அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல. அம்மா, எத்தன மாசம் கழிச்சு நாக்குக்கு ருசி தெரியுது தெரியுமா? உன் தக்காளித் தட்ட வழிச்சுத் தின்னுட்டேன்!